சாற்றுக்கு ஏற்ற விளாம்பழத்தைத் தெரிந்தெடுத்தல்

வைத்தியசாலையில் நோயுற்றிருக்கும் உறவினரைக் காணச் செல்வோர், வெறுங்கையோடு செல்ல மனமின்றி, வாயிலருகே உள்ள கடையில் அப்பிள் பழங்களை வாங்கிச் செல்வது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அப்பிள் நல்ல பழமே. அதிற் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அது பெரும்பாலும் கடல் கடந்து, பல நாட் குளிரறையிற் கிடந்து, அதிக விலையோடு நம் கைக்கு வருவதாகும். அதை வாங்குவோரின் சொந்த வளவிலேயே விளாம்பழங்கள் உதிர்ந்து, பொறுக்குவாரின்றி மண்ணோடு மண்ணாகப் போவதையும் நாம் காண்கிறோம். ஆங்கிலேயர் இப்பழத்துக்கு இட்ட பெயர் மர அப்பிள் என்னும் பொருளுடையது. ஓட்டின் வன்மை கண்டு இட்ட பெயர் போலும். உருண்டை வடிவம் தவிர இரண்டுக்கும் உறவொன்றும் இல்லை. விளா, தேசியும் தோடையும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மரம்.

விளாம்பழச் சாறு செய்வது கடினமான காரியமன்று. கடினமானது பழத்தைத் தெரிதலே. மாம்பழத்தைத் தோலின் நிறங்கொண்டும், வாழைப்பழத்தைத் தொட்டும் அறியலாம். விளாம்பழமோ தன் உள்ளத்தை ஓட்டுக்குள் மறைத்து வைத்திருக்கிறது. காயும் கனியும் அழுகலும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். ஆகவே உடைக்காமலே உள்ளிருப்பதை அறியும் வகையை நீங்கள் பழகிக்கொள்ளல் வேண்டும். வீட்டுத் தேவைக்குப் பழம் வாங்கும் இல்லத்தரசிக்கும், சாறு விற்றுப் பிழைக்கும் சிறு வணிகருக்கும், மரமுடைய கமக்காரருக்கும் இஃது ஒருங்கே பயன்படும்.

மரமும் அதன் நிலமும்

விளா, இந்தியாவினதும் இலங்கையினதும் வரண்ட சமநிலங்களுக்கே உரிய மரமாகும். ஆண்டில் ஒரு பகுதி மழையும் ஒரு பகுதி கடும் வரட்சியும் உள்ள இடத்தில் அது செழிக்கும். வன்னியிலும் மட்டக்களப்பிலும் அநுராதபுரத்திலும் எவரும் நடாமலே வளர்ந்து நிற்பதைக் காணலாம். யாழ்ப்பாணத்தார் இதனை விளாத்தி என்பர். மட்டக்களப்பு மாவட்டத்து விளாவெட்டுவான் போன்ற ஊர்ப்பெயர்கள் இம்மரம் நம் முன்னோர் கண்ணில் எவ்வளவு பட்டது என்பதைக் காட்டும். சிங்களத்தில் இதன் பெயர் திவுல்; திவுலப்பிட்டிய என்னும் ஊரின் பெயரிலும் அம்மரமே நிற்கிறது.

உடலுக்கு ஆவது என்ன?

இப்பழத்தைப் பற்றிப் பலவாறு புகழ்ந்து பேசுவோர் உளர். மிகையை விலக்கி உள்ளதைக் கூறுவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய போசாக்கு நிறுவனத்தின் உணவு அட்டவணைகளின்படி, 100 கிராம் விளாம்பழச் சதையில் ஏறக்குறைய 134 கலோரி சத்தும், 130 மில்லிகிராம் கல்சியமும், 110 மில்லிகிராம் பொசுபரசும், 5 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. அதே நிறையுள்ள அப்பிளில் ஏறக்குறைய 52 கலோரியும் 6 மில்லிகிராம் கல்சியமுமே உண்டு. எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கும், பால் வாங்க வசதி குறைந்த குடும்பங்களுக்கும் இவ்வேறுபாடு சிறிதன்று. எனினும் விளாம்பழம் பாலுக்கு ஈடாகும் என்று எண்ணிப் பாலை நிறுத்திவிடலாகாது.

விற்றமின் சீயைப் பொறுத்தவரை விளாம்பழம் ஏழையே. 100 கிராமில் 3 மில்லிகிராம் அளவே உண்டு. அப்பிளும் இதில் மெச்சத்தக்கதன்று. அச்சத்து வேண்டுவோர் கொய்யாவை நாடுவதே தகும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. சாற்றில் சிறிது தேசிக்காய்ப் புளி பிழிந்து பருகுவதும் நன்று. புளித்த பழமெல்லாம் விற்றமின் சீ மிகுந்தது என்று எண்ணுவது பொதுவான தவறு. நாக்கின் புளிப்பைக் கொண்டு சத்தை அளக்க முடியாது.

இன்னொன்றும் கூறவேண்டும். விளாம்பழத்தின் புரதமும் எண்ணெய்ச் சத்தும் பெரும்பாலும் அதன் சிறு விதைகளிலேயே உள்ளன. சதையை விதையோடு மென்று உண்பவர் பெறும் பயனை, வடித்த சாற்றைப் பருகுபவர் முழுமையாகப் பெறுவதில்லை. ஆதலால் வீட்டிலே பழமாக உண்ணக்கூடியவர்கள் பழமாகவே உண்க. பல்லில்லா முதியவருக்கும், சிறு பிள்ளைகளுக்கும், வெயிலில் வேலை செய்து களைத்து வருபவருக்கும் சாறு உகந்தது.

பிஞ்சுக்கும் அரைக்காய்க்கும் துவர்ப்பு மிகுதி. நாட்டு வைத்தியத்தில் அவற்றை வயிற்றோட்டத்துக்குக் கொடுப்பர். ஆனால் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் விளாங்காயை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். ஜீவனிக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வயிற்றோட்டத்தில் குழந்தையின் உயிரைக் கொள்வது நீரிழப்பே.

பழத்தைத் தெரியும் முறை

முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல பழம் தன் அளவுக்கு ஏற்ற பாரமுடையது. ஒரே பருமனுள்ள இரண்டு பழங்களை இரு கைகளிலும் ஏந்தினால் வேறுபாடு உடனே புலப்படும். பாரமற்றது உள்ளே வற்றியோ, புழுவினால் அரிக்கப்பட்டோ இருக்கும். யானை உண்ட விளாங்கனி என்று நம்மவர் உவமை கூறுவர். யானை விழுங்கிய விளாம்பழம் ஓடு உடையாமல் வெளிவரும், ஆனால் உள்ளே ஒன்றும் இராது என்பது அதன் பொருளாகச் சொல்லப்படுகிறது. அவ்வழக்கில் வரும் யானை விலங்கன்று, விளாவுக்கு வரும் ஒரு நோயின் பெயரே அது என்று விளக்கம் தருவாரும் உளர். எதுவாயினும், ஓடு முழுமையாயிருக்க உள்ளீடு இல்லாத பழம் உண்டென்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சந்தையில் அத்தகைய பழத்துக்கு நீங்கள் காசு கொடுக்கக் கூடாது.

அடுத்து ஓட்டைச் சுற்றிவரப் பாருங்கள். வெடிப்பு, ஊசித்துளை, ஈரம் கசிந்த கறை ஆகிய மூன்றில் ஒன்றேனும் இருந்தால் அப்பழத்தை விலக்குக. துளை சிறிதென்று கருத வேண்டாம். அதன் வழியே புழு நுழைந்திருக்கும்; புழு நுழைந்த வழியே பூஞ்சணமும் நுழைந்திருக்கும். நிலத்தில் விழுந்த பழத்தின் வெடிப்பு மண்ணையும் எறும்பையும் உள்ளே விடும். ஓடு சாம்பல் நிறமாயும் சொரசொரப்பாயும் இருப்பது குற்றமன்று. அஃது இப்பழத்தின் இயல்பு. பளபளப்பைத் தேடுவோர் அப்பிளுக்கே செல்லட்டும்.

மூன்றாவது சோதனையே தலையாயது. பழத்தைச் சீமெந்துத் தரைக்கு மேல் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்துக் கைவிடுங்கள். முற்றாத காய் பந்துபோல் மேலெழும். முற்றியது எழாமல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். முற்றாத காயில் சதை ஓட்டோடு இறுகி ஒன்றாயிருக்கிறது. முற்றிப் பழுக்கையில் சதை இளகி, விழுந்த வேகத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேலான உயரத்திலிருந்து போடாதீர்கள். நல்ல பழமும் வெடித்துவிடும். வாங்குமுன் போட்டுப் பார்ப்பதைச் சில வணிகர் விரும்பார். அவ்விடத்தில் விரல் மூட்டினால் தட்டிக் கேட்கலாம். காயில் கணீரென்ற ஒலியும், கனியில் மந்தமான ஒலியும் எழும். இதற்குச் சிறிது பழக்கம் வேண்டும். முதல் நாளிலேயே செவி பிடித்துக்கொள்ளாது.

கடைசியாகக் காம்பு இருந்த இடத்தை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பாருங்கள். கனிந்த விளாம்பழத்தின் மணத்தை ஒருமுறை அறிந்தவர் மறவார். மணமே இல்லாதது இன்னும் பழுக்கவில்லை. கள் போன்ற புளித்த மணம் வீசுவது பருவம் கடந்துவிட்டது. ஈரமண்ணின் மணமோ பாசி மணமோ வந்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறதென அறிக.

விளாவில் இரு வகை உண்டு. ஒன்று பெரிய பழமும் இனிப்பும் உடையது. மற்றது சிறிய பழமும் கடும் புளிப்பும் உடையது. இவை இரண்டும் ஒரே வளவில் அடுத்தடுத்து நிற்கக்கூடும். சாற்றுக்குப் பெரிய வகையே சிறந்தது. சிறிய வகையில் சாறு செய்தால் புளிப்பை அடக்கச் சீனியை அள்ளிக் கொட்ட நேரும். அதனைச் சட்டினிக்கும் யாமுக்கும் ஒதுக்குக. விளாம்பழத்தில் பெக்ரின் என்னும் உறையும் பொருள் 3 முதல் 5 வீதம் வரை இருப்பதால், யாம் காய்ச்சுவதற்கு வேறெதுவும் சேர்க்கத் தேவையில்லை.

மரமுடையவர்க்கு

காலம் பார்த்திராமல் தடிகொண்டு அடித்து உதிர்த்த காய்களைச் சாக்கில் கட்டிச் சந்தைக்கு அனுப்புவோர் பலர். முந்தி வந்த காய்க்கு விலை கூடுதல் என்பதே காரணம். இதனால் நேரும் நட்டம் இருவகையானது. முற்றாத காய் எத்தனை நாள் வைத்தாலும் நன்றாகப் பழுக்காது. அடிபட்ட காயோ பழுக்குமுன் அழுகும். வாங்கியவர் ஒருமுறை ஏமாந்தால் அடுத்த முறை உங்களிடம் வாங்கார். பூவிலிருந்து கனிவரை ஏறக்குறைய பத்து மாதம் காத்திருந்த மரத்துக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுப்பதில் இழப்பில்லை.

தானாக உதிரும் பழமே சிறந்தது. உதிரும் பருவத்தில் மரத்தின் கீழ்ப் புல்லைச் செருக்கி, வைக்கோலோ பழைய படங்கோ விரித்துவிட்டால் பழம் வெடியாது. நாள்தோறும் காலையில் பொறுக்குக. காட்டு யானை நடமாடும் இடங்களில் வாழ்வோர் இதில் அசட்டையாயிருத்தல் ஆகாது. விளாம்பழம் யானைக்கு மிக விருப்பமான உணவு. உதிர்ந்த பழங்களை இரவில் மரத்தடியில் விட்டுவைப்பது யானையை வாயிலுக்கு அழைப்பதாகும். பொழுது சாயுமுன் ஒருமுறை பொறுக்கிவிடுங்கள். இருள் சூழ்ந்தபின் பழம் பொறுக்கச் சிறுவரை அனுப்பாதீர்கள்.

முற்றிய, ஆனால் மணம் வராத பழங்களை இரண்டு வாரம் வரை வெயில் படும்படி வைத்துக் கனியவிடலாம். மழைக் காலமாயின் உலர்ந்த வைக்கோலின் மேல் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புக. சாக்கிற் கட்டி மூலையில் போட்டால் ஒன்றின் அழுகல் மற்றொன்றுக்குத் தாவும். இரண்டு நாளுக்கு ஒருமுறை முகர்ந்து, மணம் வந்தவற்றைப் பிரித்தெடுக்க.

உடைக்கும்போது

இவ்வளவு பார்த்துத் தெரிந்தாலும் நூற்றுக்கு நூறு நல்லதாக அமையும் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆகவே ஒரு விதியை எக்காலத்தும் கைக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியே உடைத்து, சிறிய கோப்பையிற் சுரண்டி, பார்த்து, முகர்ந்து, அதன்பின்னரே பொதுப் பாத்திரத்தில் இடுக.

இதனை எழுதுபவர் இவ்விதியைக் கற்றது நட்டப்பட்டே. கிராமமொன்றில் பெண்களுக்குச் சாறு செய்யும் முறையைக் காட்டச் சென்றபோது, நேரம் போதாதென்று பழங்களை உடைத்த கையோடு ஒரே சட்டியிற் கொட்டினோம். இருபத்தேழாவதோ இருபத்தெட்டாவதோ ஆன பழத்தில் கரும்பச்சைப் பூஞ்சணம் இருந்தது. அது விழுந்ததைக் கண்டபோது முன்னைய பழங்களின் சதை முழுவதும் அதனோடு கலந்துவிட்டது. மேலாக அள்ளி எறிந்துவிட்டு மிகுதியைப் பயன்படுத்தலாமே என்று ஒரு மூதாட்டி கேட்டார். பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் பரவுவது. அதன் நஞ்சு காய்ச்சினாலும் முற்றாக நீங்காது. சட்டியோடு குழியில் கொட்டினோம். காலை முழுவதும் பழம் பொறுக்கித் தந்த பிள்ளைகளின் முகத்தை அன்று பார்க்க முடியவில்லை.

உடைக்குமுன் ஓட்டை நன்றாகக் கழுவித் துடையுங்கள். ஓட்டிலுள்ள மண் உடைக்கும்போது சதையிற் படும். நல்ல சதை கபில நிறமாயும் பசைத்தன்மையாயும் இருக்கும். வெளிறிய சதை பழுக்காதது. அதனைச் சாற்றிற் சேர்த்தால் துவர்க்கும். பழத்தின் நிறையில் மூன்றிலொரு பங்கை விடச் சற்றே கூடுதலாகச் சதை கிடைக்கும். 10 கிலோகிராம் பழம் வாங்கும் வணிகர் 3½ கிலோகிராம் சதைக்குக் கணக்குப் போடுவதே முறை. அதற்கு மேல் எதிர்பார்த்து விலை பேசினால் நட்டமே.

சாறு செய்தல்

நடுத்தரப் பழம் மூன்றின் சதையை, ஏறக்குறைய 300 கிராம், மட்பாத்திரத்திலோ துருவேறா உருக்குப் பாத்திரத்திலோ இடுக. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். பழத்தின் புளிப்பு அதனைத் தாக்கும். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர் அளந்து வைத்து, அதில் ஒரு கோப்பையை முதலில் ஊற்றிச் சுத்தமான கையாலோ மர அகப்பையாலோ பிசைக. சதை கரைந்தபின் மிகுதி நீரையும் சேர்த்து, அரிதட்டில் இட்டு அகப்பையால் தேய்த்து வடிக்க. துணியில் வடித்தால் சதை துணியிலேயே தங்கிவிடும். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு விளாம்பழம் குடித்தோம் என்று சொல்வதிற் பயனில்லை. மின்னரைப்பானைப் பயன்படுத்துவோர் சில கணமே ஓட்டுக. நீண்ட நேரம் ஓட்டினால் விதைகள் நொறுங்கிச் சுவை கெடும்.

இனிப்புக்குப் பனங்கட்டி 75 கிராமைப் பொடித்துச் சிறிதளவு நீரிற் காய்ச்சி வடித்துச் சேர்க்கலாம். ஒரு சிட்டிகை உப்பு சுவையை எழுப்பும். இவ்வளவு ஐந்து கிளாசுக்குப் போதுமானது. கிளாசொன்றுக்கு இனிப்பு ஏறக்குறைய மூன்றரைத் தேக்கரண்டி அளவாகும். கடைகளில் இதைவிட அதிகமாகச் சேர்ப்பதைக் காண்கிறோம். உலக சுகாதார தாபனம் 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்குச் சேர்க்கும் சீனி ஏறக்குறைய 25 கிராம், அஃதாவது ஆறு தேக்கரண்டி, ஆகக் குறைந்தால் மேலும் நன்மை என்று கூறுகிறது. பனங்கட்டி, சர்க்கரை, தேன் ஆகியவற்றையும் அக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும். நீரிழிவு உடையோர் இனிப்புச் சேர்த்த சாற்றைத் தவிர்த்து, வைத்தியர் அனுமதிக்கும் அளவு பழத்தையே உண்க.

தேங்காய்ப்பால் விட்டுச் செய்வது மிகச் சுவையானது. ஒரு லீற்றர் சாற்றுக்குப் பாதித் தேங்காயின் முதற்பால் போதும். ஆனால் பால் சேர்த்த சாறு விரைவில் புளித்துவிடும். செய்த ஒரு மணி நேரத்துக்குள் பருகிவிடுக. பால் சேராத சாற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடிவைத்து மறுநாள் வரை பயன்படுத்தலாம். பெட்டி இல்லாதோர் அன்றைக்கு வேண்டியதை அன்றன்று செய்க. உடைக்காத பழம் ஓட்டோடு பல நாள் கெடாமலிருக்கும். இதைவிடச் சிறந்த போத்தலை எவரும் செய்ததில்லை.

தெருவோரத்தில் சாறு விற்போர் பனிக்கட்டியைக் கவனிக்க வேண்டும். மீனுக்கு இடும் பனிக்கட்டி குடிநீரிற் செய்யப்பட்டதன்று. நல்ல பழத்தைத் தெரிந்து, நீரைக் கொதிக்கவைத்து, கடைசியில் அப்பனிக்கட்டியை இடுவோமாயின் செய்த முயற்சி முழுவதும் வீணாகும்.

நல்ல மரத்தைப் பெருக்குதல்

இனிய பழம் தரும் மரம் ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் அதனை அடையாளமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காணி துப்புரவாக்கும்போது விறகுக்கென முதலில் வெட்டுப்படுவது விளாவே. அதன் விதையை நட்டால் தாயின் குணம் அப்படியே வருமென்று சொல்ல முடியாது. அன்றியும் விதைமரம் காய்க்கப் பதினைந்து ஆண்டு வரை செல்லக்கூடும். நாற்றின்மேல் நல்ல மரத்தின் மொட்டை ஒட்டினால் மரம் குட்டையாயும் விரைவிற் காய்ப்பதாயும் அமையும். ஒட்டுக்கன்று வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்க.

மழை தொடங்கும்போது கன்றை நடுக. மரம் பரந்து வளருமாதலால் வீட்டுக்கும் கிணற்றுக்கும் சற்று விலகி இடம் தெரிக. பாதையோரம் வேண்டாம், கிளைகளில் முள் உண்டு. இளங்கன்றின் தளிரை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் தின்னும். சிறு பருவத்தில் பறவையின் எச்சம்போலவும், வளர்ந்தபின் பச்சையாகவும் தோன்றும் இப்புழுக்கள், தேசிக்கன்றில் நீங்கள் காணும் அதே புழுக்களே. சில கன்றுகளுக்காக மருந்து தெளிக்கத் தேவையில்லை. காலையில் இலையின் இரு புறமும் பார்த்துக் கையால் பொறுக்கி அகற்றினால் போதும்.